எட்டுத் தட்டாம்பயறு விண்வெளிக்குப் போன கதை

"விண்வெளியில் முளைத்த தட்டாம்பயறு விதை எங்கே கிடைக்கும்? கரிசலில் போடலாமா? தண்ணீர் தேங்கினால் தாங்குமா?"

விருதுநகர் மாவட்டம் ஆனைக்குட்டத்திலிருந்து ஒரு வாசகர் இந்த மூன்று கேள்விகளையும் ஒரே கடிதத்தில் அனுப்பியிருக்கிறார். அவருக்கு 2 ஏக்கர் மானாவாரிக் கரிசல். பருத்திக்கு ஊடே வரிசைக்கு வரிசை தட்டாம்பயறு போடுவது வழக்கம். போன ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொள்ள, நிலத்தின் பள்ளமான மூலையில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. பயறு மஞ்சளடித்து, உட்கார்ந்துவிட்டது. அந்த வருத்தத்தில் இருந்தவரிடம், பள்ளிக்கூடம் படிக்கும் பேத்தி செல்போனைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள்.

"தாத்தா, நம்ம தட்டாம்பயறு ராக்கெட்ல போயிருக்கு."

"ராக்கெட்டு விட நம்ம பக்கத்துல ஆளுக்கா பஞ்சம்? அங்க விதைக்க யாரு தாயி போனது?"

"யாரும் போகல தாத்தா. பொட்டிக்குள்ள தானா முளைச்சிருக்கு."

பிறகு சந்தையில் யாரோ, "அந்த விதை கூடிய சீக்கிரம் கடைக்கு வருதாம், வெயிலும் தாங்கும், வெள்ளமும் தாங்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கேள்வி அங்கிருந்துதான் பிறந்திருக்கிறது. இப்படிப்பட்ட பேச்சு கிளம்பினால், அடுத்த பட்டத்துக்குள் யாராவது ஒருவர் பாக்கெட் போட்டு விற்க வந்துவிடுவார். எனவே முதல் கேள்விக்கு முதலிலேயே பதில்: அந்த விதை எங்கும் கிடைக்காது. அது பூமிக்குத் திரும்பி வரவே இல்லை.

நடந்தது என்ன?

2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட் கிளம்பியது. விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் 'ஸ்பேடெக்ஸ்' சோதனைதான் அதன் முதல் வேலை. இணைப்பு 2025 ஜனவரி 16 அன்று வெற்றிகரமாக முடிந்தது. தட்டாம்பயறு போனது அந்தச் செயற்கைக்கோள்களில் அல்ல.

சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாணம் மேலே போய் வெடித்த பிறகு குச்சி மட்டும் யார் வீட்டுக் கூரையிலாவது விழும் அல்லவா? பி.எஸ்.எல்.வி.யின் நான்காவது அடுக்கும் அந்தக் குச்சி மாதிரிதான். செயற்கைக்கோளை இறக்கிவிட்ட பிறகு அதற்கு வேலை இல்லை. இஸ்ரோ அந்தக் குச்சியை வீணாக்காமல், அதிலேயே சோதனைக் கருவிகளைப் பொருத்திச் சில மாதங்கள் பூமியைச் சுற்றவிடுகிறது. இதற்குப் பெயர் 'போயம்'. சி-60-இல் இருந்தது போயம்-4. அதில் 24 கருவிகள். அவற்றில் ஒன்று, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த 'கிராப்ஸ்' என்ற சிறு பெட்டி. அதற்குள் 8 தட்டாம்பயறு விதைகள்.

மூடிய பெட்டி. உள்ளே வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்க ஏற்பாடு உண்டு. ஆக்சிஜன், கரியமில வாயு, காற்றின் ஈரம், மண்ணின் ஈரம் எல்லாவற்றையும் அளக்கும் உணரிகள் உண்டு. படம் எடுக்க கேமரா உண்டு. ஆள் மட்டும் கிடையாது. தரையிலிருந்து சுமார் 350 கி.மீ. உயரத்தில், 4 நாளில் விதைகள் முளைத்துவிட்டதாக இஸ்ரோ அறிவித்தது. அடுத்த இரண்டொரு நாளில் இலையும் விட்டது. நம் கரிசலில் பதமான ஈரத்தில் போட்டாலும் தட்டாம்பயறு ஏறக்குறைய அத்தனை நாளில்தான் தலை காட்டும்.

சோதனையே ஒரு வாரம் போல நடத்தத் திட்டமிட்டதுதான். பெட்டியைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு அதில் இல்லை. 2025 ஏப்ரல் 4 அன்று போயம்-4 காற்று மண்டலத்துக்குள் நுழைந்து இந்தியப் பெருங்கடல் பக்கம் முடிந்துபோனது. முளைத்த பயறும் அதோடு போயிற்று. பூக்கவும் இல்லை, காய்க்கவும் இல்லை. ஆகவே 'விண்வெளியில் விளைந்த தட்டாம்பயறு விதை' என்று யாராவது பாக்கெட்டை நீட்டினால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளவும்.

எடை இல்லாத இடத்தில் வேர் எந்தப் பக்கம் போகும்?

அங்கே ஈர்ப்பு விசையே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 400 கி.மீ. உயரத்தில்கூட பூமியின் இழுப்பு, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. பிறகு ஏன் எல்லாம் மிதக்கின்றன? கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிறு அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வாளியும் விழுகிறது, அதற்குள் கிடக்கும் கல்லும் அதே வேகத்தில் விழுகிறது. விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் கல் வாளியின் அடியை அழுத்தாது. விண்கலமும் அப்படித்தான், ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டிலும் ஓடுவதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றிச் சுற்றி விழுகிறது. இந்த நிலையைத்தான் நுண்ணீர்ப்பு என்கிறார்கள்.

விதையைக் குப்புறப் போட்டாலும் மல்லாத்திப் போட்டாலும் வேர் கீழேதான் போகும், குருத்து மேலேதான் வரும். ஏன் என்பதை 1806-இல் இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற தோட்டக்கலை அறிஞர் சோதித்துப் பார்த்தார். ஓடை நீரால் சுழலும் சக்கரத்தின் விளிம்பில் பயறு விதைகளைக் கட்டிவைத்தார். சக்கரம் வேகமாகச் சுற்ற, முளைத்த வேர்கள் எல்லாம் வெளிப்பக்கமாகவும், குருத்துகள் சக்கரத்தின் நடுவை நோக்கியும் வளர்ந்தன. எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் வேர் போகிறது என்று அதில் தெரிந்தது. பின்னால் சார்லஸ் டார்வின் தன் மகன் பிரான்சிஸோடு சேர்ந்து, இந்த உணர்வு வேரின் நுனியில்தான் இருக்கிறது என்று 1880-இல் எழுதினார்.

வேர் நுனியில் உள்ள செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. அரிசி களையும்போது கல் அடியில் தங்குகிற மாதிரி, இந்த மணிகள் செல்லின் அடிப்பக்கம் படிகின்றன. செடியைச் சாய்த்தால் மணிகள் உருண்டு புதிய அடிப்பக்கத்துக்குப் போகும். உடனே ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி அந்தப் பக்கம் கூடுகிறது. வேரின் அந்தப் பக்க வளர்ச்சி மட்டுப்படுகிறது, வேர் கீழே வளைகிறது. வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரின் உட்சுவரை ஒட்டி ஈரமான தாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு தட்டாம்பயறைச் செருகினால் போதும். வேர் ஒரு அங்குலம் வந்ததும் டம்ளரைப் படுக்க வைத்துவிட்டால், மறுநாள் காலையில் வேர் திரும்பியிருக்கும்.

விண்வெளியில் அந்த மாவு மணிகள் அடியில் படியாமல் மிதக்கின்றன. வேருக்கு எது கீழே என்று தெரியாது. ஆனாலும் அது தவித்து நின்றுவிடுவதில்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றை வளர்த்துப் பார்த்தபோது, வேர்கள் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாக, வழக்கம்போல் நெளிந்து நெளிந்தே வளர்ந்தன. ஈரம் இருக்கும் பக்கமும் வேர் தேடிப் போகும். இழுப்பு என்கிற வழிகாட்டி போனால், வெளிச்சமும் ஈரமும் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. முளைப்பதற்கு விதைக்கு எடை தேவையில்லை. ஈரம், காற்று, அளவான சூடு, உள்ளே இரண்டு பருப்பில் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சாப்பாடு இவை போதும். இஸ்ரோவின் 8 விதைகள் அதை நம் நாட்டுச் சோதனையாகவே காட்டின.

முளைத்த பிறகுதான் பாடு

தண்ணீர், காற்று இரண்டும் அங்கே வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. காற்றை முதலில் பார்ப்போம். தீக்குச்சி உரசினால் சுடர் ஏன் மேல்நோக்கிக் கூர்மையாக எரிகிறது? சூடான காற்று லேசாகி மேலே போகிறது, கீழிருந்து புதுக் காற்று வருகிறது. விண்வெளியில் லேசு, கனம் என்ற பேச்சே இல்லாததால் சூடான காற்று மேலே ஏறாது. அங்கே பற்றவைத்த சுடர் உருண்டையாக, நீலமாக எரிவதைச் சோதனைகளில் படம் எடுத்திருக்கிறார்கள். இலைக்கும் இதே கதைதான். இலையைச் சுற்றியுள்ள காற்று அசையாமல் அப்படியே நிற்கும். இலை விட்ட ஈரம் அங்கேயே தங்கும், கரியமில வாயு தீர்ந்தால் புதிதாக வந்து சேருவது தாமதமாகும். அதனால் விண்வெளித் தோட்டத்துக்கு மின்விசிறி கட்டாயம்.

தண்ணீர் இன்னும் மோசம். அது கீழே இறங்காது, வடியாது. எதைத் தொடுகிறதோ அதில் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும். வேரைச் சுற்றி நீர் போர்த்திக்கொண்டால் வேர் மூச்சுவிட முடியாது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் ஊடுருவிப் பரவுவது, காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாக நடக்கும் காரியம். இதற்காகத்தான் அமெரிக்காவின் நாசா, விண்வெளி நிலையத்தில் 2014-இல் அமைத்த 'வெஜ்ஜி' என்ற தோட்டப்பெட்டியில் வண்டலோ கரிசலோ வைக்காமல், சுட்ட களிமண் குருணையை மெதுவாகக் கரையும் உரத்தோடு சேர்த்துச் சிறு தலையணைப் பைகளில் அடைத்தது. குருணைக்கும் குருணைக்கும் நடுவே காற்றுக்கு இடம் கிடைக்கும். அதில் விளைந்த சிவப்பு லெட்டூஸ் கீரையை விண்வெளி வீரர்கள் 2015 ஆகஸ்ட் 10 அன்று சாப்பிட்டார்கள்.

அடுத்ததாக அதே பெட்டியில் ஜின்னியா பூச்செடி போட்டார்கள். அங்கே நடந்ததை எந்தத் தோட்டக்காரரும் புரிந்துகொள்வார். முதலில் ஈரம் மிஞ்சியது. இலை நுனியில் நீர் கசிந்தது, இலை சுருண்டது, பிறகு பூஞ்சாணம் பிடித்தது. ஈரத்தைக் குறைக்க விசிறியை வேகமாக வைத்தார்கள். இப்போது காய்ச்சல் அதிகமாகிச் செடி வாடத் தொடங்கியது. அடுத்த தண்ணீருக்கு அட்டவணைப்படி இன்னும் சில நாள் இருந்தது. வீரர் ஸ்காட் கெல்லி செடியைப் பார்த்துவிட்டு, இப்போதே தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டார். தரையில் இருந்தவர்கள் ஒத்துக்கொண்டு, இனி அட்டவணை வேண்டாம், செடியைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள் என்று பொறுப்பை அவரிடமே கொடுத்து, ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பை மட்டும் அனுப்பிவைத்தார்கள். சில செடிகள் பட்டுப்போயின. தேறியவை 2016 ஜனவரியில் பூத்தன. கோடி கோடியாகச் செலவழித்துக் கட்டிய நிலையத்திலும், கடைசியில் செடியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிற ஆள்தான் தேவைப்பட்டார்.

ஆனைக்குட்டத்து மூலையில் நின்ற தண்ணீர்

இப்போது வாசகரின் மூன்றாவது கேள்விக்கு வரலாம். அவர் நிலத்தின் பள்ளத்தில் மூன்று நாள் நடந்ததும், விண்வெளிப் பைக்குள் நடந்ததும் ஒரே சங்கதி. கரிசல் மண் ஈரம் குடித்தால் பொங்கும். மண் துகளுக்கு நடுவே இருந்த காற்றுச் சந்துகள் அடைபடும். மேலே தண்ணீரும் நின்றால் வேருக்கு மூச்சு முட்டுகிறது. மூச்சு முட்டிய வேர் தண்ணீரையும் எடுக்காது, தழைச்சத்தையும் எடுக்காது. பயறு வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவும் காற்று இல்லாமல் வேலையை நிறுத்திவிடும். அதனால்தான் தண்ணீரில் நிற்கும் செடி மேலே வாடி, மஞ்சளடிக்கிறது.

அர்ச்சுனா நதி அணைக்குக் கீழே நெல் முழங்கால் தண்ணீரில் நின்றும் செழிக்கிறதே என்று கேட்கலாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று இறங்குவதற்குக் குழாய் மாதிரி அறைகள் உண்டு. தட்டாம்பயறுக்கு அந்த வசதி கிடையாது. அது ஆப்பிரிக்காவில் பிறந்த பயிர், வெயிலையும் வறட்சியையும் தாங்கும். தேங்கிய தண்ணீரை மட்டும் தாங்காது. விண்வெளிக்கு ஒரு தடவை போய்வந்தால் இந்தக் குணம் மாறிவிடாது.

மஞ்சளைப் பார்த்ததும் யூரியாவை அள்ளி வீசுவது பலர் செய்யும் தவறு. வேர் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது சோறு போட்டு என்ன பயன்? முதலில் தண்ணீரை வெட்டிவிட வேண்டும். விதைக்கும் முன்பே நிலத்தின் சரிவைப் பார்த்து, பள்ள மூலையிலிருந்து ஓடைப் பக்கமாக ஒரு வடிகால் எடுத்துவிட்டால் போதும். முடிந்தவர்கள் அகலப் பாத்தியும் சாலுமாக அமைத்துப் பாத்தி மேல் விதைக்கலாம். மழை குறைந்தால் அதே சால் ஈரத்தைச் சேமித்தும் தரும். தண்ணீர் வடிந்து, மண் காலில் ஒட்டாத பதம் வந்ததும் லேசாகக் களைக்கொத்து போட்டு மேல் மண்ணைக் கிளறிவிட்டால் காற்று உள்ளே இறங்கும். வேர் தேறிப் புதுக் கொழுந்து விட்ட பிறகு, பூக்கும் தருணத்தில் 2 சத டி.ஏ.பி. கரைசலை இலைவழி தெளிக்கலாம். 15 நாள் கழித்து இன்னொரு முறை.

அந்த மூலை எப்படியும் தேங்கும் என்று தெரிந்தால், அங்கே பயறை விட்டுவிட்டுச் சோளம் போடுவதே மேல். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்த விதைகளும் உண்டு

விண்வெளிக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பிய இந்திய விதைகள் வேறு இருக்கின்றன. 2025 ஜூன் 25 அன்று கிளம்பிய ஆக்சியம்-4 பயணத்தில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் இந்தியர் ஆனார். அவர் அங்கே பச்சைப்பயறையும் வெந்தயத்தையும் முளைகட்டினார். இது தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து வகுத்த சோதனை. முளைகளை உறைய வைத்துப் பூமிக்குக் கொண்டுவந்து, சத்து எப்படி மாறுகிறது, கிருமிகள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது நோக்கம். நம் வீட்டில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடும் அதே முளைப்பயறு, வருங்கால விண்வெளி வீரருக்குப் பச்சைக் காய்கறியாக உதவுமா என்ற கேள்வி. 2035-க்குள் இந்தியா தனக்கென விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிட்டிருப்பதால் இது வீண் ஆராய்ச்சி அல்ல.

கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் விதைகளும் அதே பயணத்தில் போயின. ஜோதி, உமா என்ற நெல் ரகங்கள், கனகமணி தட்டாம்பயறு, திலகதாரா எள், சூர்யா கத்தரி, வெள்ளாயணி விஜய் தக்காளி. ஜூலை 15-இல் சுக்லாவோடு விண்கலம் கடலில் இறங்கியது. இவை அங்கே விதைக்கப்படவில்லை, விதையாகவே இருந்துவிட்டு வந்தவை. விண்வெளிக் கதிர்வீச்சும் எடையின்மையும் விதையின் மரபணுவில் மாற்றம் செய்திருக்கிறதா என்று இனிப் பல தலைமுறை பயிரிட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். மாற்றம் என்றாலே நல்லது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான மாற்றங்கள் உதவாதவை. ஆயிரக்கணக்கான செடிகளில் நல்லதைப் பொறுக்கி, திரும்பத் திரும்ப விதைத்து, குணம் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீனா 1987 முதல் இந்த வழியில் விதைகளை அனுப்பி, கோதுமை உள்படப் பல ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் பல வருட உழைப்பு. நம் நாட்டில் ராக்கெட் இல்லாமலே, மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிர்வீச்சு முறையில் டி.ஏ.ஜி. 24 நிலக்கடலை, டி.ஏ.யு. 1 உளுந்து போன்றவற்றை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது.

விண்வெளி ஆராய்ச்சியால் நிலத்துக்கு வந்து சேர்ந்த லாபம் விதையைவிட வழிமுறைகளில்தான் அதிகம். விளக்கொளியில் கோதுமை வளர்க்க நாசா செய்த சோதனைகளைப் பார்த்து, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் துரித இனப்பெருக்க முறையை வகுத்தது. தினம் 22 மணி நேரம் வரை எல்.இ.டி. வெளிச்சம் கொடுத்து, கோதுமையிலும் கொண்டைக்கடலையிலும் ஒரே வருடத்தில் 6 தலைமுறை வரை எடுக்கிறார்கள். புது ரகம் விவசாயி கைக்கு வரும் காலம் இதனால் குறைகிறது.

விதைக்கு என்ன செய்வது?

ஆனைக்குட்டம் வாசகர் வரும் பட்டத்துக்கு, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, அருப்புக்கோட்டையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ தன் மண்ணுக்கேற்ற பயறு ரகத்தைக் கேட்டு வாங்கலாம். தட்டாம்பயறு தனிப்பயிராக என்றால் ஏக்கருக்கு 8 கிலோ விதை. பருத்திக்கு ஊடுபயிர் என்றால் வரிசைக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வைத்து, விதைக்கும் அன்று ஆறிய கஞ்சியில் ரைசோபியம் கலந்து நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

பையில் கட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும். ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம், உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை. விண்வெளி விதைக்கு என்று ஒரு நிறம் இதுவரை கிடையாது. பில் கேட்டு வாங்கி, அறுவடை வரை பத்திரமாக வைத்திருக்கவும். வீட்டில் எடுத்துவைத்த சொந்த விதை என்றால், 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, தினம் தண்ணீர் தெளித்து, ஐந்தாறு நாளில் பிரித்து எண்ணலாம். 75-க்குக் குறையாமல் நல்ல முளை இருந்தால் விதைக்கலாம். எண்ணுகிற வேலையைப் பேத்தியிடம் கொடுத்துவிடலாம்.